ஒரு பெயர், ஒரு முறை

மார்ச் 3

இதைப் படிப்பவருக்கு,

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தே அரை நாள் ஓடிவிட்டது. ஏழு வருஷமாக நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் அதற்கான சொல்லும் என்னிடம் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டாலும் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

நான் உங்கள் கணவரின் அக்கா. கல்யாணத்துக்கு வராதவள். அம்மா போன பிறகு அவனைப் பத்து வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியவள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை வைத்திருக்கிறேன் என்று அவன் சொல்லியிருப்பான்.

நினைவு நாள் சர்வமதப் பிரார்த்தனைக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். படகு மூழ்கி ஒரு வருஷம் ஆகிற மே பதினொன்றாம் தேதி இங்கே படகுத்துறை மண்டபத்தில் எல்லா மதத்தவரும் சேர்ந்து பிரார்த்தனை செய்கிறார்களாம். செத்துப்போன இருநூற்றுப் பதின்மூன்று பேரின் பெயரையும் அந்தந்த மதத்துப் பெரியவர் வாசிப்பார். பெயர் வரும்போது அந்தக் குடும்பம் எழுந்து நிற்க வேண்டும். ஒரு பெயரை ஒரு முறைதான் வாசிப்பார்கள். அங்கேதான் சிக்கல். என் தம்பிக்கு மட்டும் இரண்டு படிவம் போயிருக்கிறது. ஒன்றில் என் கையெழுத்து, இன்னொன்றில் உங்கள் கையெழுத்து. இரண்டிலும் மதம் வேறு. "குடும்பத்தார் தங்களுக்குள் பேசி முடிவைத் தெரிவிக்கவும்" என்று எழுதியிருக்கிறார்கள். நம் இருவரையும் சேர்த்துக் குடும்பத்தார் என்று போட்ட முதல் ஆள் அந்தக் குழுச் செயலாளர்தான்.

உடல் கிடைத்தவர்கள் எல்லாம் அவரவர் வழக்கப்படி செய்து முடித்துவிட்டார்கள். கிடைக்காத இருபத்தைந்து பேரில் இவன் ஒருவன். அப்பா ஒரு வருஷமாக எதையும் செய்ய விடவில்லை. "ஆளையே பாக்கல, அப்புறம் எதுக்குச் சடங்கு"ன்னு ஒரே பிடி. போன வாரம்தான் முதல் தடவையாக இறங்கி வந்தார். அன்றைக்குக் குருக்கள் வாயால் பெயரைக் கேட்டுவிட்டால் மனசு அடங்கும் என்றார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. ஆகவே உங்கள் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

படகு நின்றதிலிருந்து தபால் லாரியில் ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிறது, எட்டு ஒன்பது நாள் பிடிக்கிறது. போனில் கூப்பிட வேண்டாம். என் வாய் நல்ல வாய் இல்லை. காகிதம் என்றால் அடித்துத் திருத்தலாம்.

இப்படிக்கு,
அவன் அக்கா


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

கூப்பிட ஒரு சொல் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் இருக்கிறது. ஏழு வருஷமாக எடுக்காமல் வைத்திருந்தேன், இப்போது எடுத்துவிட்டேன்.

நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் வேலை பார்க்கிறேன். டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகிய கண். நீங்கள் அடித்துத் திருத்திய இடங்களையும் படித்துவிட்டேன். முதலில் "என் தம்பியைப் பிடுங்கிக்கொண்டவளுக்கு" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். அது எனக்குக் கோபமாக இல்லை. "இதைப் படிப்பவருக்கு" என்பதுதான் வலித்தது.

அவர் ஞானஸ்நானம் எடுத்தது என்னைக் கட்டிக்கொள்வதற்காக. மறுக்கவில்லை. ஆனால் யாரும் அவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. தானாக நடந்து வந்தார், தானாகத் தலையைக் குனிந்தார். அவர் எடுத்த முடிவை அவர் இல்லாத நேரத்தில் நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் தொண்டையிலேயே நிற்கும். போன வருஷம் நீங்கள் அவருக்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. "அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நீ மட்டும் வா." இரண்டே வரி. நான் லீவு சொல்லி, மகளுக்குப் புதுச் செருப்பு வாங்கி, பையைக் கூடக் கட்டி வைத்திருந்தேன். நான் ஆஸ்பத்திரிக்காரி, ஆபரேஷன் முடிந்த கண்ணுக்கு மருந்து விடத் தெரியும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த "மட்டும்" வந்த பிறகு பையைப் பிரித்தேன். அவர் போனார்.

நீங்கள் அப்படி எழுதாமல் இருந்திருந்தால் நானும் என் மகளும் அந்தப் படகில் இருந்திருப்போம். இதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமா, சாபம் கொடுக்க வேண்டுமா? ஒரு வருஷமாக யோசிக்கிறேன், தெரியவில்லை.

படிவத்தைத் திரும்ப வாங்க மாட்டேன். அப்பாவின் கண் இப்போது எப்படி இருக்கிறது?

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 24

உங்களுக்கு,

அண்ணி என்று எழுதும் உரிமையை யாரும் கொடுக்கவில்லை. ஆனாலும் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கடையில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன், அப்பா கண்ணில் படாமல்.

அந்த "மட்டும்" அப்பா சொன்னதில்லை. அவர் "எல்லாரையும் வரச் சொல்லு" என்றுதான் சொன்னார். எழுதியவள் நான். உங்களைப் பார்த்தால் என்ன பேசுவது என்று பயந்துகொண்டு எழுதினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட. உங்களிடம் போய்ச் சொல்கிறேன் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் குழு ஒரு கலந்துரையாடல் வைத்தது. எல்லா மதத்தவரும் வட்டமாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவதாம். பள்ளிக்கூட நாற்காலி, என் உடம்புக்குப் பத்தவில்லை. செயலாளர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பழக்கம் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம், முடிந்தால் மணி அடிப்பார். எனக்கு வலப்பக்கம் ஒரு பஸ் டிரைவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவர் இமாமைப் பார்த்து, "நான் யார் மேல கோவப்படறது, சொல்லுங்க? படகுக்காரனும் செத்துட்டான்" என்றார். இமாம் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். குருக்களும் பாதிரியாரும் தரையைப் பார்த்தார்கள். அந்த அமைதியில் மணி அடித்தது. டிரைவர் "சரிங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டார்.

என் முறை வந்தபோது "என் தம்பி லிஃப்ட் மெக்கானிக்" என்றேன். மீதி நேரம் முழுக்கச் சும்மா நின்றேன்.

கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். ஒரு பெயருக்கு இரண்டு பக்கமும் ஆள் வந்தால் யாரும் பிடித்து இழுக்கக் கூடாது, விட்டுக்கொடுக்கிறவர்தான் பெரியவர் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. சர்க்கஸ் யானையைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு தட்டினார்கள், நான் எதற்குத் தட்ட வேண்டும்?

அப்பாவுக்குக் கண் தெளிவாகத் தெரிகிறது. காதுதான் மட்டு. நான் சொன்னது சொன்னதுதான், என் முடிவில் மாற்றமில்லை.

அவன் அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உரிமை கொடுக்கவில்லை என்றீர்கள், கிழிக்கவில்லை என்றும் எழுதினீர்கள். நான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன்.

"மட்டும்" உங்களுடையது என்று எழுதிய இடத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. உங்கள் மேல் கோபம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை. ஆனால் இத்தனை நாள் அப்பா மேலும் கொஞ்சம் கோபம் வைத்திருந்தேன், அது போய்விட்டது. எல்லாரையும் வரச் சொன்னாரா?

உங்களிடம் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வது? கோவிலுக்கு வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், பிரசங்கம் முழுக்க மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே வந்ததும் "மூணாவது ஃபேன்ல பேரிங் போயிருக்கு" என்பார். ஒருமுறை பாதிரியாரிடமே சொன்னார்: "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் முதல்ல சாமியக் கூப்பிடறான் ஃபாதர். அஞ்சு நிமிஷம் ஆனா எனக்குத்தான் போன் வருது." பாதிரியார் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

வீட்டில் எதைக் கண்டாலும் கழற்றிப் பார்த்ததால் சின்ன வயதில் அவரை எல்லோரும் மரை என்று கூப்பிட்டீர்களாம். எங்கள் மகளுக்கு அந்தக் கதைகள் அத்தனையும் மனப்பாடம். தையல் மெஷினைக் கழற்றிவிட்டு மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டதும், அத்தை ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்து கடைசியில் அடிக்காமல் சோறு ஊட்டியதும். உங்களைப் பார்க்காமலே அவளுக்கு உங்கள்மேல் பயமும் ஆசையும். ஆறு வயது ஆகிறது.

அவளால்தான் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அப்பா பெயரை நம் பாதிரியார் வாசிப்பார், அப்போது நாம் எழுந்து நிற்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் நாற்காலியில் உட்கார்ந்து பழகுகிறாள். நான் பெயரைச் சொல்ல வேண்டும், அவள் எழுந்து நிற்க வேண்டும். "இவ்வளவு வேகமா நின்னா போதுமாம்மா?" என்று கேட்கிறாள். இதில் நான் எதை மாற்றுவது, சொல்லுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 30

அம்மா,

பதில் எழுதப் பிந்திவிட்டது. அப்பாவுக்கு இரண்டு வாரம் காய்ச்சல். நெஞ்சுச் சளி. இப்போது தேறிவிட்டார், எழுந்து நடக்கிறார்.

இனி நீ என்றே எழுதுகிறேன். வயதில் என் மகளாக இருக்க வேண்டியவள், நீங்கள் என்று எழுதும்போதெல்லாம் பேனா தடுக்குகிறது. கல்யாணத்துக்கு நான் வராதது தப்பு. ஏழு வருஷம் வைராக்கியமாக இருந்தது அதைவிடத் தப்பு. இதைச் சொல்ல ஒரு படகு மூழ்க வேண்டியிருந்தது, என்னைப் போன்ற பிடிவாதக்காரிக்கு அதுதான் தண்டனை.

உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். குழந்தை நாற்காலியிலிருந்து எழுந்து பழகுகிற இடத்தில் நிறுத்தி, மறுபடி மேலேயிருந்து படித்தார். பிறகு, "எந்த வாய் சொன்னா என்னம்மா. எம் புள்ள பேரு. என் காதுல விழுந்தாப் போதும்" என்றார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "அந்தக் குழந்தை எந்திரிச்சு நிக்கட்டும்" என்றார்.

அதனால் இன்று காலை நானே குழு அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். குருக்கள் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். குருக்களும் அங்கேதான் இருந்தார். "நல்ல முடிவும்மா, பாதிரியார் வாசிக்கட்டும்" என்றார். தலைமையாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. மணி அடித்துவிடப் போகிறாரே என்று நான் வெளியே வந்துவிட்டேன்.

இனி அவன் உங்கள் பட்டியலில்தான் இருக்கிறான். இந்தக் கடிதம் எட்டாம் தேதி போல உனக்குக் கிடைத்துவிடும். மண்டபத்தில் உன்னைக் கண்டால் பேசுவேனா, அழுவேனா, திட்டுவேனா தெரியாது. எதுவாக இருந்தாலும் நீ பொறுத்துக்கொள்.

அண்ணி


மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

எங்கள் கோவிலில் ஏற்பாடு செய்த பஸ் எட்டாம் தேதி காலையிலேயே புறப்பட்டுவிட்டது. ஏரியைச் சுற்றி வர இரண்டு நாள் ஆகும், முதியவர்கள் இருக்கிறார்கள், ஒரு நாள் முன்னதாகவே போய்விடலாம் என்றார்கள். உங்கள் கடிதம் ஒன்பதாம் தேதி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தார். நேற்று வீட்டுக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல் படித்தேன்.

அண்ணி, அவர் பெயரை அடித்தது நான்தான்.

என்ன நடந்தது என்று எழுதுகிறேன். அன்று காலை மண்டபத்து வாசலில் நிற்கும்போது நீங்கள் அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தீர்கள். உங்களைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் தெரிந்துவிட்டது. அவரும் அப்படித்தான் வலது தோளைக் கொஞ்சம் இறக்கி நடப்பார். அப்பா ஒவ்வொரு படிக்கும் நின்று "இங்கதானா? இங்கதானா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். சட்டையை இஸ்திரி போட்டு, மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. குருக்கள் வாயால் கேட்டால்தான் மனசு அடங்கும் என்று நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியது மட்டும்தான் எனக்குத் தெரியும். பின்னால் அவர் சொன்னது எனக்குத் தெரியாது.

உங்களைக் கூப்பிடுவதற்குள் கூட்டம் உள்ளே இழுத்துக்கொண்டது. நேராகப் பாதிரியாரிடம் போனேன். "ஃபாதர், இவர் பேர உங்க லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க. இவங்க அப்பா வந்திருக்கார். குருக்களே வாசிக்கட்டும்" என்றேன். "நிச்சயமாவாம்மா?" என்று கேட்டார். தலையாட்டினேன். பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். குருக்களிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மேடைப் பக்கம் போனார். திரும்பி வந்து, "சொல்லிட்டேன். 'அந்தப் பையன் பேரு விஷயமா பேசணும்'னு ஆரம்பிச்சதுமே, 'அதெல்லாம் பேசி முடிஞ்சுது ஃபாதர், எனக்கு ரொம்ப சந்தோஷம்'னு கையப் புடிச்சுக்கிட்டார்" என்றார். குருக்கள் சொன்ன முடிவு உங்களுடையது. பாதிரியார் புரிந்துகொண்ட முடிவு என்னுடையது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்தார்கள். பார்த்திருப்பீர்கள். மறுநாள் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான்.

மகளிடம், "பாதிரியார் இல்ல, முதல்ல வாசிக்கிற தாத்தாதான் அப்பா பேரச் சொல்லுவார்" என்று மாற்றிச் சொன்னேன். குருக்கள் வாசிக்க ஆரம்பித்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் என் முகத்தைப் பார்த்தாள். பட்டியல் முடிந்துவிட்டது. நான் தவறவிட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு பாதிரியார் எழுந்தார். அதில் இருக்காது என்று எனக்குத்தான் தெரியுமே. மேடைக்குப் போகலாம் என்று எழுந்தேன். வரிசைக்கு வரிசை கயிறு கட்டியிருந்தது. தொண்டர் பெண் ஒருத்தி ஓடி வந்து, மயக்கம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு என்னை உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். "பேரு, பேரு" என்றேன். "எங்க வீட்லயும் ஒருத்தர் போயிருக்காங்கக்கா, மனசத் தேத்திக்குங்க" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

உங்களைத் தேடினேன். இரண்டாயிரம் பேர். பஸ் காத்திருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என்னை மன்னிக்க வேண்டாம். அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


மே 26

அம்மாடி,

நீ ஒருத்தி அடித்ததில் போகவில்லை. நான் முதல் கோடு போட்டேன், நீ இரண்டாவது போட்டாய். இந்த வீட்டு மருமகள்தான் நீ, சந்தேகமே இல்லை. இருவருமே ஒருவரை ஒருவர் கேட்காமல் பெரிய மனுஷியாகிவிட்டோம்.

நான் இருந்த பக்கத்தில் நடந்ததை எழுதுகிறேன். குருக்கள் வாசிக்கும்போது நிம்மதியாக இருந்தேன், அவன் அதில் இல்லை என்று தெரியும். அப்பாவிடம், "அடுத்ததுப்பா, அடுத்த பட்டியல்" என்று காதில் சொன்னேன். பாதிரியார் எழுந்ததும் அப்பா கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். கடைசிப் பெயர் வரை அப்படியே இருந்தார். வரவில்லை. அப்புறம் இமாம் எழுந்தார். அதில் அவன் பெயர் எப்படி வரும்? தெரிந்தும் காத்திருந்தேன். தவறிப்போய் அந்தப் பட்டியலிலாவது வந்துவிடாதா என்று என் சாமியை, உன் சாமியை, அந்த டிரைவரின் சாமியை எல்லாரையும் வேண்டிக்கொண்டேன்.

தலைமையாசிரியர் மைக்கில் "இருநூற்றுப் பதின்மூன்று ஆன்மாக்களின் பெயர்களையும் வாசித்து நிறைவு செய்தோம்" என்றார். அவர் எண்ணவில்லை. அச்சடித்த தாளில் இருந்த எண்ணைப் படித்தார். உடனே ஒரு நிமிஷ மௌனம். எழுந்து கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். இரண்டாயிரம் பேர் தலை குனிந்து மூச்சுவிடாமல் நிற்கும்போது எப்படிக் கத்துவது? கடையில் எட்டு மெஷின் ஓடும்போதும் என் குரல் தெருவரை கேட்கும். அன்றைக்கு எனக்குக் குரல் இல்லை.

அந்த மௌனத்தில்தான் அப்பா கேட்டார். காது கேட்காதவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாது. "வாசிச்சாச்சாம்மா?" என்றார். மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். நீயும் கேட்டிருப்பாய். முன்வரிசையில் நாலு பேர் திரும்பி, வாயில் விரலை வைத்தார்கள். நான் அவர் காதில் வாயை வைத்து, "ஆச்சுப்பா" என்றேன்.

"எனக்குக் கேக்கலையே" என்றார்.

அன்றிலிருந்து தன் காதைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார். "ஒரு வருஷமாக் காத்துக்கிட்டிருந்தேன், அந்த ஒரு நேரத்துல இந்தச் செவிட்டுக் காது கவுத்துடுச்சு" என்கிறார். காது டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்கிறார். யார் பெயருக்கு அடுத்து வந்தது, எப்படிச் சொன்னார், இனிஷியலோடு சொன்னாரா என்று கேட்கிறார். ஒரு டீச்சர் பெயருக்கு அடுத்து வந்தது என்று சொல்லிவிட்டேன். மறுநாள், அந்த டீச்சருக்கு எத்தனை வயது என்கிறார். குழந்தை எழுந்து நின்றதா என்கிறார். நின்றது என்றேன். எந்தப் பக்கம் நின்றது, நான் பார்க்கவில்லையே என்று கண்ணையும் சேர்த்துத் திட்டுகிறார். ஆபரேஷன் செய்த கண்ணை.

குழு அலுவலகத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் மூன்று பட்டியலையும் கொண்டுவந்து மேஜையில் பரப்பி, விரல் வைத்து எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு. இன்னொரு தடவை எண்ணினார். பாவம், அழுதுவிட்டார். "அம்மா, விட்டுக்கொடுக்கச் சொன்னோம். யாராவது ஒருத்தர் வாங்கிக்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்லையே" என்றார். வாசித்த பட்டியலைப் பார்த்துத்தான் படகுத்துறை நினைவுக் கல்லில் பெயர்களை வெட்டுகிறார்கள். வெட்டி முடித்தாயிற்று. இனி இடமில்லை, அடுத்த வருஷ நினைவு நாளில் தனியாக அறிவிக்கலாம் என்றார். அடுத்த வருஷம் அப்பாவுக்கு எண்பத்து நான்கு நடக்கும். நான் அவரைத் திட்டவில்லை. யாரைத் திட்டுவது என்று அந்த டிரைவர் கேட்டதுதான் ஞாபகம் வந்தது.

ஒன்று கேட்கிறேன். நீ ஒருமுறை இங்கே வர முடியுமா? அப்பா எதிரில் உட்கார்ந்து, "வாசிச்சாங்க மாமா, நான் கேட்டேன், நாங்க எந்திரிச்சு நின்னோம்" என்று சொல். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று சந்தேகப்படுகிறார். நீ சொன்னால் நம்புவார். குழந்தையையும் கூட்டி வா. அவளைப் பார்த்தாலே பாதி நம்பிவிடுவார்.

உன் அண்ணி


ஜூன் 7

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்த மறுநாளே லீவு எழுதிக் கொடுத்தேன். பொய் சொல்லத்தான் வருகிறேன் என்று தெரிந்தே எழுதிக் கொடுத்தேன். பாதிரியாரிடம் கேட்டேன், அது பாவமா என்று. அவர் அந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. "என்னக் கேக்காதம்மா, கோடு போட்டதே நான்தான்" என்றார்.

ஆனால் வர முடியவில்லை. பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டோம். காரணத்தை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

மகளுக்கு இருநூறு வரை எண்ணத் தெரியாது, ஆனால் அப்பா பெயர் தெரியும். அன்று மண்டபத்தில் ஒவ்வொரு பெயரையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இவள்தான். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை, அழவில்லை. களைப்பு என்று நினைத்தேன். சில நாளில் பார்த்தால் வீட்டில் ஒரே உற்சாகம். தானாகத் தலை வாரிக்கொள்கிறாள். அப்பாவின் செருப்பை எடுத்துத் துடைத்து வாசலில் வைக்கிறாள். நான் எடுத்து உள்ளே வைத்தால் மறுபடி வெளியே வைக்கிறாள்.

பஸ்ஸில் ஏறப்போகும்போது கையை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "நாம ஊருக்குப் போனா அப்பா வந்து பூட்டின வீட்டப் பாப்பாரேம்மா" என்றாள்.

நான் குனிந்து, அப்பா இனிமேல் வர மாட்டார், உனக்குத் தெரியும் இல்லையா என்றேன். "இல்லம்மா. செத்தவங்க பேர எல்லாம் வாசிச்சாங்க. எல்லாரையும் வாசிச்சாச்சுன்னு மைக்ல சொன்னாங்க. அப்பா பேரு வரவே இல்ல. அப்பா படகுல ஏறல" என்றாள்.

அண்ணி, உடலும் கிடைக்கவில்லை. ஒரு கணம், அந்தப் பஸ் இரைச்சலில், நானும் நம்பினேன்.

மறுத்துச் சொல்ல வேண்டும் என்றால், அவர்கள் வாசிக்காமல் விட்டுவிட்டார்கள், அம்மாதான் அப்பா பெயரை எடுக்கச் சொன்னாள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலும் அங்கே கூட்டி வர முடியாது. அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு, பேர் வரவே இல்லை தாத்தா, அப்பா வந்துடுவார் என்று சொல்லிவிடுவாள். அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொல்லுவாள்.

நீங்கள் அங்கே ஆச்சு என்று சொல்லிவிட்டீர்கள். இங்கே நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள் அண்ணி. லாரி போக எட்டு நாள், வர எட்டு நாள் ஆகும், அதுவரை அவளை உள்ளே கூப்பிடாமல் இருக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி